பீரோவில் தூங்கும் கேசட்டுகள்: முதலில் காப்பி, பிறகுதான் கத்தரி

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், பல்லாவரம் என்று நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் பீரோவின் மேல் தட்டிலோ, பரணில் இருக்கும் பழைய சூட்கேசிலோ ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். பிரித்துப் பார்த்தால் கல்யாண வீடியோ கேசட் இரண்டு, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மினி டிவி டேப்புகள் பத்துப் பன்னிரண்டு, "காது குத்து 2004" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய சிடி ஒன்று. கூடவே, அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகனோ வாங்கி வந்த ஹேண்டிகேம் ஒன்று பேட்டரி செத்த நிலையில் இருக்கும்.

இவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, எடிட் செய்து, உறவினர்களுக்கு அனுப்புவது எப்படி என்று என்னிடம் கேட்பவர்கள் அநேகம் பேர். நான் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்து வருகிறேன். எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி, "எடிட் செய்ய எந்த சாப்ட்வேர் நல்லது?" என்பதுதான். நான் சொல்லும் பதில், "அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் டேப்பில் இருப்பதை அப்படியே வெளியே எடுப்போம்" என்பது. ஏன் இந்த வரிசை, அதை எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரையில் பார்க்கலாம்.

ஏன் அவசரம்?

டேப்புக்கு இரண்டு எதிரிகள். முதலாவது நம் ஊர் ஈரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் மூடிய பீரோவுக்குள் இருக்கும் டேப்பில் எளிதாகப் பூஞ்சணம் பிடிக்கும். கேசட்டின் சிறு ஜன்னல் வழியே பார்த்தால் டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி போலத் தெரியும்.

இரண்டாவது எதிரி, டேப்பை ஓட்டும் கருவி மறைந்து வருவது. விசிஆரைக் கடைசி வரை தயாரித்து வந்த ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. மினி டிவி ஹேண்டிகேம்கள் அதற்கு முன்பே கடைகளிலிருந்து போய்விட்டன. டேப் நன்றாக இருந்தும் ஓட்ட டெக் இல்லை என்றால், அந்தப் படம் இருந்தும் இல்லாததுதான்.

மூன்றாவதாக ஒன்றையும் நம் பகுதிக்காரர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது வெள்ளம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தள வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே பகுதிகளில் மீண்டும் தண்ணீர். முடிச்சூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கல்யாண டேப்பை ஜாக்கிரதையாக டிவிடியில் காப்பி எடுத்து வைத்திருந்தது. ஆனால் டேப், டிவிடி இரண்டும் தரைத்தளத்தில் ஒரே பீரோவில் இருந்தன. இரண்டும் ஒன்றாகவே சேற்றுக்குள் போயின. கோயம்புத்தூரில் சகோதரி வீட்டில் கிடந்த ஒரு விசிடிதான் இன்று அவர்களிடம் இருக்கும் ஒரே கல்யாணப் படம்.

எடிட் செய்த கேசட்டா, செய்யாத டேப்பா?

இதைக் கட்டாயம் கவனியுங்கள். 1990களிலும் 2000களிலும் ஸ்டுடியோக்காரர்கள் எடிட் செய்து கொடுத்த கல்யாண வீடியோவை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை முகம் ரோஜாப் பூவுக்குள் சுழன்று வரும். மணப்பெண் இதய வடிவத்துக்குள் சிரிப்பார். எல்லாவற்றுக்கும் மேல் சினிமாப் பாட்டு ஓடும். பாட்டுக்கு இடம் விடுவதற்காக மண்டபத்தின் அசல் ஒலியை முழுவதும் அழித்திருப்பார்கள். உறவினர்கள் வாயசைப்பது தெரியும். என்ன சொன்னார்கள் என்று கேட்காது.

அந்தப் பேச்சு, எடிட் செய்யாத அசல் டேப்பில் இருக்கிறது. சேலையூர் நண்பர் ஒருவரின் கல்யாணம் 2003ல் நடந்தது. ஸ்டுடியோ கொடுத்த விசிடியில் நலங்குக் காட்சி இரண்டு நிமிடம், அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டு. அவருடைய மாமா தன் ஹேண்டிகேமில் எடுத்த டேப்பை மாற்றிக் கொடுத்தபோது, அதே நலங்கு இருபது நிமிடம் ஓடியது. பாட்டி உட்கார்ந்தபடியே நலங்குப் பாட்டு பாடுகிறார், பாதியில் வரி மறந்து சிரிக்கிறார், பெரியப்பா எடுத்துக் கொடுக்கிறார். பாட்டியின் குரல் அந்தக் குடும்பத்தில் வேறு எங்கும் பதிவாகவில்லை. கேமரா ஆடுகிறது, வெளிச்சம் போதவில்லை. ஆனாலும் நண்பர் விசிடியை ஓரம் வைத்துவிட்டு இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்.

ஆகவே உறவினர்களிடம் தேடும்போது "கல்யாண சிடி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "யாராவது ஹேண்டிகேமில் எடுத்தார்களா? அந்த டேப் எங்கே?" என்று கேளுங்கள். கல்யாணம் எடுத்த ஸ்டுடியோ இன்னும் இருந்தால் அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

வீடியோ கேசட் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பெரிய கேசட் விஎச்எஸ். இதற்கு விசிஆர், அதாவது டெக் வேண்டும்.

ஆடியோ கேசட்டைவிடச் சற்றுச் சிறிதாக, தடிமனாக இருப்பது 8 மில்லி மீட்டர் டேப். இதில் வீடியோ 8, ஹை 8, டிஜிட்டல் 8 என்று மூன்று வகை உண்டு. சோனியின் டிஜிட்டல் 8 ஹேண்டிகேம்களில் சில மாடல்கள் பழைய ஹை 8, வீடியோ 8 டேப்புகளையும் ஓட்டி, டிஜிட்டலாக மாற்றிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அப்படி ஒன்று தெரிந்தவரிடம் இருந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

மிகச் சிறியது மினி டிவி. 2000களில் நம் வீடுகளுக்கு வந்த ஹேண்டிகேம்களில் மிகுதியானவை இந்த வகை. இதில் படம் டிஜிட்டலாகவே பதிவாகியிருக்கிறது. அதனால் சரியான முறையில் எடுத்தால் தரம் துளியும் குறையாது.

அமெரிக்காவில் வாங்கிய கேமராவில் எடுத்த டேப் என்றால் ஒரு சங்கதி. அங்கே என்டிஎஸ்சி முறை, இங்கே பால் முறை. அமெரிக்க ஹேண்டிகேமில் எடுத்த டேப்பை இந்தியாவில் வாங்கிய ஹேண்டிகேமில் போட்டால் பெரும்பாலும் படம் சரியாக வராது. டேப்போடு அந்தக் கேமராவையும் சேர்த்தே வைத்திருங்கள். "பழசு, எதற்கு?" என்று கேமராவை மட்டும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

டேப்பை ஓட்டுவதற்கு முன்

1. பூஞ்சணம் தெரிந்தால் அந்த டேப்பை ஓட்டவே ஓட்டாதீர்கள். பொடி கேமராவின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல டேப்பையும் கெடுக்கும். அதைத் தனிக் கவரில் போட்டு, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

2. ஏசி அறையிலிருந்து எடுத்த கேமராவை உடனே புழுக்கமான அறையில் ஓட்டாதீர்கள். உள்ளே ஈரம் படிந்து டேப் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். பல கேமராக்கள் ஈரத்தைக் கண்டால் எச்சரிக்கைக் குறி காட்டி வேலை செய்ய மறுக்கும். ஒரு மணி நேரம் அறையிலேயே வைத்திருந்து பிறகு ஆரம்பியுங்கள்.

3. பல ஆண்டுகள் ஓடாத டேப்பை முதலில் கடைசி வரை ஓட்டி, திரும்பவும் முழுதாகச் சுற்றுங்கள். சுருளின் இறுக்கம் சீராகும்.

4. பேட்டரியை நம்பாமல் அடாப்டரில் ஓட்டுங்கள். பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

5. டேப்பில் பதிவைத் தடுக்கும் சிறு பூட்டு இருக்கும். அதைத் தள்ளி வையுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டன் பட்டாலும் படம் அழியாது.

வெள்ளத்தில் நனைந்த டேப் என்றால், அதை வெயிலில் காய வைக்காதீர்கள். ஹேர் டிரையரின் சூடும் கூடாது. சேற்றைக் குளிர்ந்த சுத்தமான தண்ணீரில், முடிந்தால் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் காற்றாட வையுங்கள். "ஓடுகிறதா பார்ப்போம்" என்று டெக்கில் போட வேண்டாம். நனைந்த ஹார்ட் டிஸ்க்குக்கும் இதே விதிதான்: கரண்ட் கொடுத்துப் பார்க்காமல், டேட்டா மீட்பவரிடம் அப்படியே கொண்டு போங்கள்.

மினி டிவி: பயர்வயர்தான் வழி

ஹேண்டிகேமில் யுஎஸ்பி சாக்கெட் இருக்கிறதே, அதில் இணைத்தால் போதாதா என்று கேட்பார்கள். மினி டிவி கேமராக்கள் பலவற்றில் யுஎஸ்பி என்பது மெமரி கார்டில் உள்ள போட்டோக்களை எடுக்கவும், தரம் குறைந்த வெப் கேமரா படம் அனுப்பவும் வைத்தது. டேப்பில் இருக்கும் படம் முழுத் தரத்தில் வர பயர்வயர் வேண்டும். சோனி இதையே ஐ.லிங்க் என்று அழைத்தது. கேமராவில் டிவி அவுட் என்றும் எழுதியிருக்கலாம்.

இப்போது வரும் லேப்டாப்களில் பயர்வயர் கிடையாது. டெஸ்க்டாப் இருந்தால் பயர்வயர் கார்டு ஒன்றை உள்ளே பொருத்தலாம். சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய ரிச்சி தெருவில் பழைய உதிரி பாகங்கள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இன்னும் எளிய வழி, பயர்வயர் சாக்கெட் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடிப்பது. 2000களில் வந்த சோனி வயோ லேப்டாப்கள் பலவற்றில் அது இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய மெஷினாக இருந்தாலும் பரவாயில்லை. இண்டர்நெட்டில் இணைக்காமல் இந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு முனை யுஎஸ்பி, மறுமுனை பயர்வயர் என்று மலிவு விலையில் கேபிள்கள் விற்கிறார்கள். அவை இதற்கு உதவாது. யுஎஸ்பியும் பயர்வயரும் பேசும் மொழியே வேறு. கம்பியை மட்டும் இணைத்தால் மொழி மாறிவிடாது.

கேமராவையும் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுக் கேபிளை இணையுங்கள். பெரிய, 6 பின் முனையைத் தலைகீழாகத் திணித்தால் கேமராவின் சாக்கெட் எரிந்துபோக வாய்ப்பு உண்டு. பிறகு கேமராவை விசிஆர் அல்லது பிளே நிலையில் வைத்து ஆன் செய்யுங்கள்.

காப்பி எடுக்க விண்டிவி என்ற இலவச சாப்ட்வேர் போதும். அளவில் மிகச் சிறியது. படம் எடுத்த தேதி, நேரத்தையே பைலின் பெயராக வைக்கும் வசதி இதில் இருக்கிறது. கேமரா கடிகாரம் அன்று சரியாக இருந்திருந்தால், காது குத்து எந்தத் தேதியில் நடந்தது என்ற சண்டைக்கு அதுவே தீர்ப்பு சொல்லிவிடும். எக்ஸ்பியில் உள்ள மூவி மேக்கரைப் பயன்படுத்தினால், படத்தைச் சுருக்கும் டபிள்யூஎம்வி முறையை விட்டுவிட்டு, டிவி-ஏவிஐ என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு மணி நேர டேப்புக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். இருபது டேப் என்றால் 260 ஜிபி. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் எழுபத்தைந்து டேப்புகள் அடங்கும். டிஸ்க் எப்ஏடி32 முறையில் பார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே பைலாக எழுத முடியாது. என்டிஎப்எஸ் முறைக்கு மாற்றிக்கொண்டு ஆரம்பியுங்கள். மாற்றும்போது டிஸ்க்கில் உள்ளவை அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு மணி நேர டேப் காப்பியாக ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்று, மாலை ஒன்று என்று வைத்துக்கொண்டால் இருபது டேப்பும் இரண்டரை மாதத்தில் முடியும்.

விஎச்எஸ், ஹை 8: கேப்சர் வழி

இவை அனலாக் டேப்புகள். டெக்கிலிருந்து வரும் படத்தை டிஜிட்டலாக மாற்ற யுஎஸ்பி கேப்சர் கருவி வேண்டும். மலிவான கருவிகளிலேயே வேலை முடியும். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

டெக்கிலோ கேமராவிலோ எஸ்-வீடியோ சாக்கெட் இருந்தால் மஞ்சள் பின்னை விட்டுவிட்டு அதையே பயன்படுத்துங்கள். படம் இன்னும் தெளிவாக வரும். ஒலிக்குச் சிவப்பு, வெள்ளைப் பின்கள் தனியாகத் தேவை.

சாப்ட்வேரில் பால் முறைக்கு 720க்கு 576 என்ற அளவை வையுங்கள். பைல் சிறியதாக வரட்டும் என்று 320க்கு 240 வைத்தால் அது காலத்துக்கும் அப்படியேதான் இருக்கும். எம்பெக்-2 முறையில் 8 எம்பிபிஎஸ் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி வரும். வீட்டு உபயோகத்துக்கு இது போதும்.

படம் குதித்தாலோ, மேற்பகுதி வளைந்தாலோ டெக்கில் உள்ள டிராக்கிங் பட்டனைச் சரிசெய்து பாருங்கள். சில டிவிடி ரெக்கார்டர்களையும், ஏவி இன் வசதி உள்ள சில டிஜிட்டல் ஹேண்டிகேம்களையும் நடுவில் இணைத்தால் படம் நிலைப்படும்.

விசிடி, டிவிடி, மெமரி கார்டு

விசிடியின் படம் 352க்கு 288 அளவுதான். அசல் டேப் கிடைத்தால் விசிடியை விட்டுவிடலாம். கிடைக்காவிட்டால், சிடியில் எம்பெக்ஏவி என்ற போல்டரில் உள்ள டேட் பைல்களை ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். விஎல்சி பிளேயரில் ஓடும். நடுவில் நின்றுவிட்டால் மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்து, வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிப்பது உண்டு.

டிவிடி என்றால் வீடியோ டிஎஸ் என்ற போல்டரை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன 8 செ.மீ. டிவிடியில் பதிவு செய்யும் ஹேண்டிகேம் வைத்திருந்தவர்கள், அதே கேமராவில் டிஸ்க்கை பைனலைஸ் செய்தால்தான் கம்ப்யூட்டரில் படிக்கும். அந்தச் சின்ன டிஸ்க்கை, உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் போடாதீர்கள். மாட்டிக்கொள்ளும்.

சோனி, பானசோனிக் நிறுவனங்கள் 2006ல் அறிவித்த ஏவிசிஎச்டி வகைக் கேமராக்களில் எம்டிஎஸ் பைல்கள் இருக்கும். நீளமான காட்சியைக் கேமரா துண்டு துண்டாக உடைத்து எழுதியிருக்கும். பைல்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல் மெமரி கார்டின் மொத்த போல்டரையும் அப்படியே காப்பி எடுங்கள். துண்டுகளை ஒலி விட்டுப்போகாமல் ஒட்ட, கேமராவோடு வந்த சாப்ட்வேருக்கு மற்ற போல்டர்களும் தேவைப்படும்.

மூன்று இடம், ஒரு வெளியூர்

காப்பி எடுத்து முடிந்ததும் எடிட்டிங்கில் இறங்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று உங்கள் கம்ப்யூட்டரில். இரண்டாவது தனி ஹார்ட் டிஸ்க்கில். மூன்றாவது இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில், அதுவும் வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். முடிச்சூர் குடும்பத்துக்கு மிஞ்சிய அந்த ஒரு விசிடி பிழைத்ததற்குக் காரணம், அது கோயம்புத்தூரில் இருந்தது என்பது மட்டும்தான். திருச்சியிலோ மதுரையிலோ உங்களுக்கு ஓர் அத்தை இருப்பார். பொங்கலுக்குப் போகும்போது டிஸ்க்கைக் கொடுத்து, தீபாவளிக்குப் போகும்போது கம்ப்யூட்டரில் இணைத்து நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கூகுள் போட்டோஸ் ஒரு காலத்தில் கணக்கில்லாமல் இலவச இடம் கொடுத்தது. 2021 ஜூன் 1 முதல் அது நின்றுவிட்டது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். ஒரு மினி டிவி டேப்புக்கே அது சரியாகப் போய்விடும். எனவே அசல் படத்துக்கு ஹார்ட் டிஸ்க்தான் நமக்குக் கட்டுப்படியாகும்.

காப்பி எடுத்த டேப்பைத் தூக்கிப் போடலாமா? வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு, நிற்கும் வாக்கில் அடுக்கி வையுங்கள். தரைத்தள வீடு என்றால் பரணில் வையுங்கள்.

இப்போது கத்தரி

விண்டோஸ் மூவி மேக்கர் நம்மில் பலருக்கு எடிட்டிங் கற்றுக்கொடுத்தது. 2000ல் விண்டோஸ் எம்இயோடு வந்த அதை மைக்ரோசாப்ட் 2017 ஜனவரி 10ல் நிறுத்திவிட்டது. அந்தக் காலத்தில் சேமித்த பிராஜக்ட் பைல் உங்களிடம் இருந்தால், அதில் படம் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். எந்தப் படத்தை எங்கே வெட்டினீர்கள் என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். படம் இருந்த பைல் போய்விட்டால் குறிப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இன்றைய எடிட்டிங் சாப்ட்வேர்களிலும் இப்படித்தான்.

விண்டோஸ் 11ல் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது. சிறு வேலைகளுக்கு அது போதும். பழைய டேப் படங்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஷாட்கட். இலவசம், ஓப்பன் சோர்ஸ். நிறம் திருத்துவது வரை ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இருக்கிறது. ஆனால் அதற்கு வலுவான கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் வேண்டும்.

ஷாட்கட்டில் அடிப்படை வேலை இவ்வளவுதான். காப்பி எடுத்த பைலைத் திறந்து டைம்லைனுக்கு இழுத்து விடுங்கள். வேண்டாத பகுதி ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி எஸ் கீயை அழுத்துங்கள். படம் இரண்டாக வெட்டுப்படும். முடியும் இடத்திலும் அதே எஸ். நடுத்துண்டைத் தேர்ந்தெடுத்து எக்ஸ் கீயை அழுத்தினால் துண்டு போய், இடைவெளியும் தானாக மூடிக்கொள்ளும். தப்பாகப் போனால் கன்ட்ரோல் இசட். உங்கள் அசல் பைலில் ஒன்றும் மாறாது.

பழைய படங்களில் யாராவது கையை அசைத்தால் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். அக்கால டிவி முறையில் ஒரு படத்தின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் வேறு வேறு நேரத்தில் பதிவானதுதான் காரணம். இதற்கு இன்டர்லேஸ் என்று பெயர். ஷாட்கட்டில் எக்ஸ்போர்ட் பகுதியின் அட்வான்ஸ்டு அமைப்பில் ஸ்கேன் மோடைப் புரோகிரசிவ் என்று வைத்தால் கோடுகள் போய்விடும். எடிட் செய்யாமல் முழு டேப்பையும் மாற்றுவதானால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாப்ட்வேரில் டீஇன்டர்லேஸ் பில்டரைத் தேர்ந்தெடுங்கள்.

படத்தை அகல டிவிக்காக இழுத்துப் பெரிதாக்காதீர்கள். ஒல்லியாக இருந்த சித்தப்பா குண்டாகிவிடுவார். 4:3 அளவில் இருபுறமும் கறுப்பு விட்டு அப்படியே விடுங்கள்.

எதை வெட்டலாம்? லென்ஸ் மூடியோடு ஓடிய பகுதி, கேமராவை அணைக்க மறந்து தரையைக் காட்டிய பகுதி. அதில்கூட ஒலியைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள். கேமராவை மறந்து வீட்டார் இயல்பாகப் பேசியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பின்னணிப் பாட்டு சேர்த்தே ஆக வேண்டும் என்றால், அசல் ஒலியை அழிக்காமல் பாட்டை அதற்குக் கீழே மெதுவாக வையுங்கள். நாதஸ்வரமும் பந்தி இரைச்சலும் படத்தின் பகுதிதான்.

டைட்டிலைத் தமிழிலேயே போடலாம். யூனிகோட் எழுத்துருவான நிர்மலா யுஐ விண்டோஸிலேயே இருக்கிறது. பெயர், ஊர், ஆண்டு, உறவுமுறை ஆகியவற்றை எழுதுங்கள். இன்று உங்களுக்குத் தெரிந்த முகம் பேரனுக்குத் தெரியாது.

உறவினர்களுக்கு அனுப்புவது

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வீடியோவாக அனுப்பினால் அது படத்தை நசுக்கிவிடும். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். எச்.264 முறையில் 2 எம்பிபிஎஸ் அளவில் மாற்றினால் ஒரு மணி நேரப் படம் சுமார் 900 எம்பி வரும். முழு டேப்பையும் ஒரே பைலாக அனுப்பிவிடலாம்.

யூட்யூபில் ஏற்றும்போது பப்ளிக் என்று விடாமல், அன்லிஸ்டட் அல்லது பிரைவேட் என்று வையுங்கள். அன்லிஸ்டட் என்றால் லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம். பிரைவேட் என்றால் நீங்கள் அழைத்தவர் மட்டும் பார்க்கலாம். சினிமாப் பாட்டு ஓடும் கல்யாண வீடியோவை யூட்யூபின் காப்புரிமைச் சோதனை கண்டுபிடித்துவிடும். படம் தடைபடலாம், ஒலி நிறுத்தப்படலாம். அசல் ஒலியோடு விடுவதற்கு இது இன்னொரு காரணம். பழைய டேப் படத்தை 1440க்கு 1080 என்று பெரிதாக்கி ஏற்றினால் யூட்யூப் அதைக் குறைவாக நசுக்கும். பார்க்கத் தெளிவாக இருக்கும்.

குழந்தையைக் குளிப்பாட்டும் காட்சி, வீட்டுப் பெண்களின் தனிப்பட்ட தருணங்கள் போன்றவற்றைச் சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் எங்கும் ஏற்றாதீர்கள். அன்று ஹேண்டிகேமுக்குச் சிரித்தவர், வீட்டு டிவியில் பார்க்கத்தான் சம்மதித்தார்.

கம்ப்யூட்டர் பழக்கமில்லாத பெரியவர்களுக்குப் பென் டிரைவில் எம்பி4 பைலாகப் போட்டு, டிவியின் யுஎஸ்பியில் செருகிக் காட்டிவிட்டு வாருங்கள். அவர்கள் பார்க்கும்போது கூடவே உட்காருங்கள். திரையில் வரும் ஒவ்வொரு முகத்துக்கும் பெயரும் கதையும் அப்போதுதான் வெளிவரும். செல்போனின் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

எல்லா டேப்பையும் ஒரே நாளில் எடுக்க நினைத்தால் மலைப்பாக இருக்கும். இந்த வாரம் டேப்புகளை எண்ணி, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி, ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் கேமரா ஓடுகிறதா என்று, முக்கியமில்லாத ஒரு டேப்பைப் போட்டுப் பாருங்கள். ஓடினால், வீட்டில் இப்போது இல்லாதவர்களின் குரல் எந்த டேப்பில் இருக்கும் என்று யோசித்து அதை முதலில் எடுங்கள். பழைய கேமரா எத்தனை டேப் வரை தாங்கும் என்று சொல்ல முடியாது. முதல் டேப்போடு அது நின்றுபோனாலும், அந்த ஒரு குரலாவது உங்கள் கையில் இருக்கும். எடிட்டிங்கை அடுத்த ஆண்டுகூடச் செய்துகொள்ளலாம். காப்பியை இந்த மழைக்காலத்துக்கு முன் எடுத்துவிடுங்கள்.